அம்மாவுக்கு வண்டி ஆகாது

இல்லை, நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு உயரம் வேண்டாம். நீ போனில் கேட்டபோதே சொல்லியிருப்பேன், வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். உயரமான வேன் பார்க்க நன்றாக இருக்கும். ஆடிக் காற்று பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் வந்து அறையும்போது ஸ்டியரிங் உன் பேச்சைக் கேட்காது. உள்ளே குனிந்து நடந்துகொள். ஒரு வாரத்துக்குத் தலை இடிக்கும், அப்புறம் இடிக்காது. நீளமும் வேண்டாம். பெரிய வண்டி வாங்கினால் பெரிய ரோட்டிலேயே போவாய், பெரிய ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? தேவிபட்டினத்துச் சந்துக்குள் நுழைந்து, எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அந்த அளவு போதும் இரண்டு பேருக்கு.

கடற்கரை ஊரில் ஓடின வண்டியை வாங்காதே. பெயிண்டைப் பார்த்து மயங்காதே, அதை எவன் வேண்டுமானாலும் அடிப்பான். தரையில் விரித்திருக்கிற ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டு. ணங் என்றால் தகரம் இருக்கிறது. பொத் என்றால் உப்பு தின்றுவிட்டது, பாய்க்குக் கீழே ரோடுதான். முன்னால் என்ன ஏற்றினாய் என்று விற்கிறவனைக் கேள், சொல்கிற பதிலை நம்பாதே. கதவுகளை மூடி அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, திறந்த உடனே மூக்கை உள்ளே விடு. மீன் ஏற்றியிருந்தால் அப்போது தெரியும், அது எந்தப் பினாயிலுக்கும் போகாது. கட்டிலைக் கண்ணால் அளக்காதே. நீயும் உன் பெண்டாட்டியும் உள்ளே ஏறிப் படுத்துப் பாருங்கள். புரோக்கர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவனா படுக்கப் போகிறான். அடுப்பைப் பின்கதவோரம் வை, கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்று சமைக்கலாம்.

நீ அனுப்பின படத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். கட்டில், அதுக்குக் கீழே இழுப்பறை, அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரையில் சின்ன ஃபேன். பின்பக்கம் வலது மூலையில் கம்ப்யூட்டர் மேசை. ஓரத்தில் பேனாவில் எழுதியிருக்கிறாய், 'பாத்ரூம் - பெட்ரோல் பங்க்'. அதை இரண்டு தடவை படித்தேன். நீ அன்றைக்குப் போனில் சொன்னதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. "நல்லவேளை அய்யா, இவ அம்மா மாதிரி இல்ல. வண்டின்னா உசுரு இவளுக்கு. அம்மாவுக்கு முக்குத் திரும்புனாலே வாந்தி." என் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். உன் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

உன் அம்மாவுக்கு வண்டி ஆகும். அவள் எந்த வண்டியிலும் ஒரு தடவைகூட வாந்தி எடுத்ததில்லை. அது நான் சொன்ன பொய். பதினைந்து வருஷம் முன்னால் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நிமிஷத்தில் சொன்னேன். அதைத்தான் நீ இன்றைக்கு உன் குடும்பத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உனக்கு அந்தப் பயணம் ஞாபகம் இருக்கும், உனக்கு அப்போது ஒன்பது வயது. ஆனால் உனக்கு ஞாபகம் இருப்பது நான் சொல்லிச் சொல்லி உன் மண்டையில் ஏற்றினது. நடந்ததை இப்போது எழுதுகிறேன். படிக்கும்போது என் மேல் உனக்கு இருக்கிற மரியாதை குறையும். குறையட்டும்.

பத்தாம் வகுப்பில் பாதியில் பையைப் போட்டுவிட்டு லாரியில் ஏறினவன் நான். கணக்கு வாத்தியார் அடித்தார், அதனால் போகவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். அவர் அடித்ததே இல்லை. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கிளீனர், அப்புறம் டிரைவர். இருபது வயதில் கல்யாணம், இருபத்தொன்றில் நீ. ராமேஸ்வரத்துக்கு வருகிற வடநாட்டு யாத்திரைக்காரர்களை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஓலைக்குடா போகிற ரோட்டில் ஒரு வெள்ளைக்கார ஜோடியின் வண்டியைப் பார்த்தேன். நம் வேன் அளவுதான் இருக்கும். அந்தம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டியது. வீட்டையே மடித்து வைத்த மாதிரி இருந்தது. இழுத்தால் மேசை, கவிழ்த்தால் கட்டில், குழாயைத் திருகினால் தண்ணீர். கடைசியாக ஒரு ஒடுக்கமான கதவைத் திறந்து காட்டியது. முட்டி இடிக்கிற இடத்தில் ஒரு கக்கூஸ். எனக்கு உமட்டிக்கொண்டு வந்தது. ஸ்டாண்டில் போய் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தேன். "சோறு பொங்குற எடத்துலயே பேளுறாய்ங்கடா." எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நம் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. நம் வீட்டிலும் கிடையாது. கருவேலங்காடுதான். அதை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பது சுத்தம் என்று நாங்கள் நினைத்தோம். விடியுமுன் இருட்டில் போய்வந்துவிட்டு, அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் பொம்பளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று யோசித்த ஆம்பளை எங்கள் தெருவில் ஒருத்தன் இல்லை.

அந்த வண்டி என்னை விடவில்லை. ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, கீழக்கரை ரோட்டில் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த சீனி பாயிடம் விட்டேன். அவர் சவுதியில் பத்து வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். கட்டிலுக்கு என்னைத்தான் படுக்க வைத்து அளவெடுத்தார். உன் அம்மாவை நான் ஒரு நாள்கூடப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பின்பக்கம் வலது மூலைக்கு வந்தபோது பாய் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார்.

"இந்த எடத்துல ரெண்டடிக்கு ரெண்டடி அடைச்சுத் தாரேன். உள்ள ஒரு வாளி, மேல ஒரு மூடி. போதும்ப்பா. பொம்பளையாளு வர்ற வண்டி."

"அங்கன ஸ்பீக்கர் பெட்டி வைக்கணும் பாய்."

"ஸ்பீக்கர எங்கன வேணும்னாலும் வைக்கலாம். இத எங்கன வைப்பே?"

"இம்புட்டுக் காடு கெடக்கு. ராம்நாட்டுல கருவேலுக்கா பஞ்சம்?"

"ஒனக்குப் பகல்லயும் அது காடு. அவுகளுக்கு?"

"சாமி படம் ஒட்டுற வண்டி பாய். விடுங்க."

"சாமி ஒண்ணும் சொல்லல. நீதேன் சொல்றே," என்றார் பாய். சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார். ஸ்பீக்கர் பெட்டிதான் வந்தது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு உன் அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இழுப்பறையை இழுத்தாள், சன்னல் திரையைத் தொட்டாள். மூலைக்கு வந்து, "இது என்னங்க?" என்றாள். "ஸ்பீக்கரு" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை.

உன் முழுப்பரீட்சை லீவில் கிளம்பினோம். தேவிபட்டினத்தில் நண்டு வாங்கி, உப்பூருக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். பின்கதவைத் தூக்கிவிட்டால் கடல் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிடும். உன் அம்மா வெளியே நின்று நண்டுக் குழம்பு வைத்தாள். நீ கட்டிலில் குப்புறப் படுத்து வண்டி நம்பர் எழுதுகிற நோட்டில் படகு வரைந்துகொண்டிருந்தாய். அப்படி ஒரு சோறு நான் அதுக்கப்புறம் தின்றதில்லை. வண்டி வாங்கினால் இதுதான் கிடைக்கும், இதுக்காகத்தான் வாங்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நின்ற இடம் வெட்டவெளி. உப்புத்தரை, கண்ணுக்கெட்டின தூரத்துக்கு முழங்கால் உயரச் செடிகூட இல்லை. நான் எழுந்து நாலு எட்டு நடந்து முதுகைக் காட்டி நின்றேன். நீயும் என் பக்கத்தில் வந்து நின்றாய், யார் தூரம் போகிறோம் என்று போட்டி வைத்தோம். உன் அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது நீதான் கண்டுபிடித்தாய்.

"அம்மா தண்ணியே குடிக்க மாட்டேங்கிது அய்யா."

"தாகமில்லடா," என்றாள் அவள். மே மாச வெயில். ராம்நாட்டு வெயில். நான் நம்பினேன். நம்பினது வசதியாக இருந்தது.

மறுநாள் ராமேஸ்வரம் ரோட்டைப் பிடித்தோம். உச்சிப்புளி தாண்டினதும் அவள் முன்னால் எட்டி என் தோள் பக்கம் வந்தாள். "ஏங்க, செத்த நிப்பாட்டுறீகளா?" "எதுக்கு?" என்றேன். எதுக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். "பாலம் தாண்டிப் போயிருவோம்," என்றேன். பாலத்துக்கு முன்னால் இன்னொருதரம் கேட்டாள். "பாலத்துல நிக்க விட மாட்டாய்ங்கடி." பாலம் தாண்டினேன். பாம்பனில் டீக்கடை வாசலில் எனக்குத் தெரிந்த டிரைவர் பயல்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அங்கே நிறுத்தினேன். அவளுக்காக இல்லை, அவர்களுக்காக. கதவை எல்லாம் திறந்துபோட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒருத்தன் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"எல்லாம் சரிண்ணே, கக்கூஸ் எங்க?"

"அதெல்லாம் எதுக்குடா?"

"நமக்குக் காடு இருக்கு. அண்ணிக்கு?"

"ஒங்க அண்ணி ஒட்டகம்டா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போனாப் போதும்."

சிரித்தார்கள். அவள் எங்கே இருந்தாள் தெரியுமா? கட்டிலில், திரைக்கு அந்தப் பக்கம். என் முழங்கைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணிதான். நீயும் சிரித்தாய். ஒட்டகம் என்றதுக்குச் சிரித்தாய், ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பன் சிரித்தால் சிரிக்கும். உன் மேல் தப்பில்லை. அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன், வேண்டாம் என்றாள். அதுக்கப்புறம் அவள் நிறுத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை. அதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பழகிவிட்டாள் என்று.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமெல்லாம் ஆடினோம். நனைந்த சேலையை மாற்ற வண்டிக்கு வந்தால், வண்டியைச் சுற்றி ஆள். வேடிக்கை பார்க்கக் கூட்டியது யார்? நான்தான். மத்தியானம் வரைக்கும் ஈரச் சேலையோடு இருந்தாள். மறுநாள் காலையில் உடம்பு கொதித்தது. கடல்காற்று என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் தனுஷ்கோடிக்கு விட்டேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அங்கேயிருந்து மணல். ஜீப்காரர்கள் வேண்டாம் என்றார்கள். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு போய் இடிந்த சர்ச்சுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. உள்ளே ஒருத்தி நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரிகிற மணல், கீழே சேறு. இருநூறு அடி போவதற்குள் பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பலகையோடு வந்தார்கள். பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் வந்தது, ஐம்பது வயது இருக்கும். யாரையும் கேட்காமல் வண்டிக்குள் ஏறியது. கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டது.

"ஏ தம்பி, இங்கன வா. எத்தன நாளா இந்தப் புள்ள அடக்கிக்கிட்டுக் கெடக்கு?"

"காய்ச்சல்க்கா. கடக்காத்து ஒத்துக்கல."

"நாங்க பொறந்ததுலருந்து இந்தக் காத்துலதேன் கெடக்கோம். இது காத்துக் காய்ச்சலா? இடுப்பத் தொட்டா துள்ளுது. மூத்திரத்த அடக்கி அடக்கி வந்த காய்ச்சல்."

அந்தம்மா உள்ளே ஒரு சுற்று பார்த்தது. "கட்டிலு இருக்கு, அடுப்பு இருக்கு, பாட்டுப் பெட்டி ஆளு ஒசரத்துக்கு இருக்கு. எங்க குடிசையப் பாரு. மழை பேஞ்சா ஒழுகும். ஆனா பின்னால ஓலை மறைப்பு இருக்கு. நீ என்னத்தய்யா வீடு கட்டிக் கொண்டாந்தே?"

பலகை பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீக்கடையில் சிரித்தமாதிரி அங்கே ஒருத்தராவது சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தம்மா உன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, குடிசைக்குப் பின்னால் அந்த ஓலை மறைப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது. கால் ஊன்ற முடியாமல் நடந்தாள். நீ "அம்மாவுக்கு என்னய்யா?" என்று கேட்டாய். "வண்டி ஆகலடா," என்றேன். முதல் தடவை அதைச் சொன்னது உன்னிடம்தான். ஆஸ்பத்திரியில் உன் மாமாவிடம் சொன்னது இரண்டாவது தடவை.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். கிட்னி வரைக்கும் சீழ் ஏறியிருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா அவளைக் கேட்டது, "ஏம்மா தண்ணி குடிக்காம இருந்தீங்க?" "தாகம் எடுக்கல டாக்டர்," என்றாள். டாக்டரம்மா சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் சிக்கல் ஊரிலிருந்து உன் மாமா வந்தார், கையில் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு. வராந்தாவில் என்னைப் பிடித்தார்.

"என்ன மாப்ள, நல்லா இருந்த புள்ள. என்னாச்சு?"

தங்கச்சி என்றால் அவருக்கு உயிர். உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே கை வைத்திருப்பார். வைத்திருக்கட்டுமே. நான் சொன்னேன், "வண்டி ஆகல மச்சான். ஏறுனதுலருந்து வாந்தி. தண்ணி நிக்கல வயித்துல. நான் திரும்பிருவோம்னு சொன்னேன், புள்ளைக்காக வரணும்னு நின்னா."

திரும்பிவிடுவோம் என்று நான் சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னேன், பார். கதவு திறந்திருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். மாமா உள்ளே போய், "ஏந்த்தா, ஒத்துக்காத வண்டியில எதுக்கு ஏறுனே?" என்று கடிந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். "ஆமாண்ணே, ஆகல," என்றாள். எனக்காக அவள் சொன்ன பொய் அது. நான் நன்றிகூடச் சொல்லவில்லை. தப்பித்தேன் என்று டீ குடிக்கப் போனேன்.

ஒரு தடவை சொன்ன பொய்யை அப்புறம் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, ஊரே பார்த்துக்கொண்டது. கல்யாண வேன் கிளம்பினால், "அவளுக்கு ஆகாதுப்பா, முன் சீட்ட விடு. எலுமிச்சம்பழம் கொண்டாங்க." அப்புறம், "பாவம் எதுக்கு அவளப் போட்டு அலைக்கழிச்சுக்கிட்டு, வீட்ல இருக்கட்டும்." கொடைக்கானலுக்குத் தெருவே போனது, அவள் போகவில்லை. அவள் அண்ணன் மகள் வளைகாப்புக்குத் திருச்சிக்குப் போகவில்லை. அந்த வண்டியில் நீயும் நானும் போனோமே, கன்னியாகுமரி, குற்றாலம், வேதாரண்யம், எத்தனை லீவு. உனக்கு வண்டி ஆசை வந்ததே அதனால்தான். ஒவ்வொரு தடவையும் அவள் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கையாட்டினாள். "ஒனக்கு ஆகாதுல்லம்மா," என்று நீ பாவமாகச் சொல்லிவிட்டு ஏறுவாய். நான் கிளட்ச்சை மிதிப்பேன். ஒரு தடவையாவது இறங்கிப் போய், வா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நடந்ததைப் பேச வேண்டி வரும். அதுக்குப் பயந்து ஒருத்தியை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

அதனால் கம்ப்யூட்டர் மேசையை எடு. அந்த மூலையில் பாய் போட்ட கட்டத்தை நீ போடு. இப்போதெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி மாதிரி கிடைக்கிறதாம், கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவலாமாம், விசாரி. உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், வாளித் தண்ணீர் வேண்டும், காற்றுப்போக மேலே ஒரு ஓட்டை வேண்டும். கழுவுகிற வேலை உன்னுடையது, அதை முதல் நாளே சொல்லிவிடு. பெட்ரோல் பங்கில் நானும் பார்த்திருக்கிறேன். பாதி பூட்டிக் கிடக்கிறது, சாவி கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். வண்டி பார்க்கப் போகும்போது உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல். சிரிப்பாள், வெட்கப்படுவாள். பரவாயில்லை. அவள் நிறுத்தச் சொன்னால் எதுக்கு என்று கேட்காதே. அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று பார். குடிக்கவில்லை என்றால் வண்டியில் ஏதோ தப்பு, அவளிடம் இல்லை.

இவ்வளவு எழுதி வைத்துவிட்டு நான் பல் விளக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கலாமா என்று நினைத்தேன். கை வரவில்லை. மெதுவாகத்தான் படிப்பாள், தெரியுமே உனக்கு, உதடு அசையும். ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"நண்டுக் கொழம்பு வச்சது உப்பூர்ல இல்ல. தேவிபட்டினத்துலயே வச்சாச்சு," என்றாள்.

"சரி, மாத்தீருவோம்."

"கட்டிலுல படுத்துக் கடலைப் பாத்தேன்ல, மொத நாளு. அத எழுதலையே நீங்க." தாள்களை மட்டம் தட்டி அடுக்கினாள். "நல்லாத்தேன் இருந்துச்சு அந்த வண்டி. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் கூப்புடல."

மகனுக்கு எழுதிவிட்டேன், இனிமேல் அவன் அப்படிப் பேசமாட்டான் என்றேன்.

"அவன் சின்னப் புள்ள, அவனுக்கு எழுதுறது லேசு. எங்கண்ணனுக்கு யாரு சொல்லுவா?"

"மச்சானுக்கா? பதினஞ்சு வருசமாச்சுடி. இப்பப் போயி..."

"பதினஞ்சு வருசமா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு முன் சீட்ல ஒக்காந்துருக்கேன். எழுதுனீகள்ல, அடிச்சா அடிக்கட்டும்னு. போயி அடி வாங்கிட்டு வாங்க." கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "நானும் வாரேன். தனியா விட்டா மாத்திச் சொல்லீருவீக."

எனக்கு நாற்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகப் பயமாக இருக்கிறது. மாமா வயலில் இருப்பார், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவார், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறாள். சேலை மாற்றியாகிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் கதவைப் பூட்டச் சாவி கேட்கிறாள். சிக்கல் பஸ் பதினொன்றேகாலுக்கு. நான் போகணும்.